ஊஞ்சலை இருபது தடவை எண்ணுங்கள்: பி.எஸ்சி. இயற்பியல் எப்படி இருக்கும், எங்கே கொண்டுபோய் விடும்?

பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரம் காரைக்குடி பக்கம் கோட்டையூரில் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். அந்த வீட்டுப் பெண் என்னிடம் இரண்டு வருடம் டியூஷன் படித்தவள். இன்ஜினியரிங் வேண்டாம், பி.எஸ்சி. பிசிக்ஸ்தான் படிப்பேன் என்று ஒரே பிடியாக நின்றதில் வீட்டில் யாருக்கும் சரியாகத் தூக்கம் இல்லை. வளவில் ஊஞ்சலில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்கள் அவளுடைய அப்பத்தா. தெருவுக்கே அவர்கள் ஆச்சி. என்னைப் பார்த்ததும் நேராகக் கேட்டார்கள்: "ஏந் தம்பி, டாக்டருக்குப் படிச்சா டாக்டரு. வக்கீலுக்குப் படிச்சா வக்கீலு. பிசிக்ஸுக்குப் படிச்சா என்னன்னு சொல்லுவாக?"

"அத வச்சு எங்க வேணாலும் போகலாம் ஆச்சி" என்றேன்.

"எங்க வேணாலும் போகலாம்னா, எங்க போறதுன்னு தெரியலன்னு அர்த்தம்."

ரங்கூனுக்கும் பினாங்குக்கும் கொண்டுவிற்கப் போன வம்சம். எந்த ஊரில் யார் கடையில் இறங்கப்போகிறோம் என்று தெரியாமல் கப்பல் ஏறியவர்கள் இல்லை. நான் சொன்ன பதில் அங்கே செல்லாது. அன்றைக்குச் சொல்ல வராததை இப்போது உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலில் அந்த ஊஞ்சலையே எடுத்துக்கொள்வோம். இந்தப் படிப்பு என்ன படிப்பு என்பதை அதைவிடச் சுலபமாகக் காட்டும் பொருள் அந்த வீட்டில் வேறு இல்லை.

பதினொன்றாம் வகுப்பில் தனி ஊசல் என்று ஒரு பாடம் வரும். நூலில் கட்டிய குண்டு ஒருமுறை போய்த் திரும்ப எவ்வளவு நேரம் ஆகும் என்பது நூலின் நீளத்தையும் புவியீர்ப்பையும் மட்டும் பொறுத்தது. குண்டின் எடைக்கு அதில் வேலை இல்லை. நீளத்தைப் புவியீர்ப்பு முடுக்கமான 9.8ஆல் வகுத்து, வர்க்கமூலம் எடுத்து, இரண்டு பையால் (2π) பெருக்கினால் நேரம் வந்துவிடும். ஊஞ்சலின் சங்கிலியை உத்தரத்துக் கொக்கியிலிருந்து பலகை வரை டேப் வைத்து அளந்தோம். இரண்டரை மீட்டர். கணக்குப்படி ஒரு ஆட்டத்துக்கு 3.17 நொடி.

"சரி, அளந்து பார்" என்றேன். அவள் போனில் ஸ்டாப்வாட்சைத் திறந்து, காலி ஊஞ்சலை லேசாகத் தள்ளிவிட்டு, ஒரு ஆட்டத்தை அளந்தாள். 3.4 என்று வந்தது. மறுபடி அளந்தாள், 3.0. முகம் சுருங்கிவிட்டது. சூத்திரத்தில் தப்பில்லை, விரலில்தான் தப்பு. கண் பார்த்து விரல் அழுத்துவதற்குள் ஏறக்குறைய 0.2 நொடி முன்னே பின்னே போய்விடும். மூன்று நொடியில் அது 6 சதவீதம். அந்த நேரத்தை வைத்துப் புவியீர்ப்பைத் திருப்பிக் கணக்கிட்டால், அங்கே நேரத்தின் வர்க்கம் வருவதால் பிழை இரட்டிப்பாகி 12 சதவீதத்தைத் தாண்டும். 8.6 என்றும் வரலாம், 11 என்றும் வரலாம். அப்படியொரு விடைக்கு அளக்காமலே இருக்கலாம்.

இப்போது இருபது ஆட்டத்தைச் சேர்த்து அளந்தாள். 63 நொடியும் கொஞ்சமும். விரல் செய்யும் பிழை அதே 0.2 நொடிதான், ஆனால் அது 63இல் பங்கு போட்டுப் போய்விட்டது. நேரத்தில் பிழை சுமார் 0.3 சதவீதம்தான். டேப்பில் ஒரு செ.மீ. தவறினாலும் சேர்த்து, கடைசி விடையில் பிழை ஏறக்குறைய 1 சதவீதத்தோடு நின்றுவிடுகிறது. கையில் இருந்தது ஒரு போனும் தையல்காரர் டேப்பும்தான். அதை வைத்துப் பூமியின் ஈர்ப்பை நூற்றில் ஒரு பங்குத் துல்லியத்தில் சொல்லிவிட்டாள்.

இதுவரை பள்ளிக்கூடப் பாடம், கொஞ்சம் ஒழுங்காகச் செய்தது. அப்புறம்தான் ருசி. "இப்ப அப்பத்தாவ உக்காரச் சொல்லு" என்றேன். ஆச்சி ஏறிச் சம்மணம் போட்டு ஆடாமல் அசையாமல் உட்கார்ந்தார்கள். மெதுவாகத் தள்ளி இருபது எண்ணினோம். 61 நொடியும் கொஞ்சமும்.

புத்தகம் எடைக்கு வேலை இல்லை என்கிறது. ஊஞ்சலோ ஆச்சி ஏறினால் இரண்டு நொடி வேகமாக ஆடுகிறது. இந்த இரண்டு நொடியைக் கைப்பிழை என்று தள்ள முடியாது; கைப்பிழை 0.2தான் என்று முன்பே கண்டுபிடித்துவிட்டோம். அப்படியானால் வித்தியாசம் நிஜம். காரணம் என்ன?

எடை கூடியதால் வந்ததல்ல. எடை உட்கார்ந்த இடத்தால் வந்தது. காலி ஊஞ்சலில் நிறை பெரும்பாலும் பலகையில் இருக்கிறது. ஆள் சம்மணம் போட்டு உட்கார்ந்தால் அவர் உடம்பின் நிறை மையம் பலகைக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் இருக்கும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ஊஞ்சலின் மொத்த நிறை மையம் மேலே ஏறிவிடுகிறது. அதாவது ஊசலின் நீளம் குறைந்துவிடுகிறது. நேரம் 3 சதவீதம் குறைய வேண்டுமானால் நீளம் 6 சதவீதம் குறைய வேண்டும். இரண்டரை மீட்டரில் 15 செ.மீ. பலகை 30 கிலோ, ஆச்சி 55 கிலோ என்று வைத்துக் கணக்குப் போட்டால் ஏறக்குறைய அதேதான் வருகிறது. (எடையைச் சொல்ல ஆச்சிக்கு மனசே இல்லை. 55 என்பது பேரம் பேசி முடித்த எண்.)

புத்தகம் பொய் சொல்லவில்லை. எல்லா நிறையும் ஒரே புள்ளியில் இருப்பதாக வைத்துக்கொள் என்று சொன்னது. அந்த ‘வைத்துக்கொள்’ இங்கே சரியாக வரவில்லை. இயற்பியல் படிப்பு என்பது பெரும்பாலும் இதுதான்: ஒரு விஷயத்தில் எதையெல்லாம் கணக்கில் விட்டுவிடலாம், விட்டால் விடை எவ்வளவு கெடும் என்று தெரிந்துகொள்வது. சங்கிலிக்கும் எடை உண்டே, அதை விடலாமா? ஊஞ்சலை வேகமாகத் தள்ளினால் நேரம் மாறுமா? தள்ளிவிட்டுப் போனால் எத்தனை நிமிடத்தில் நிற்கும்? இந்த ஒவ்வொரு கேள்விக்கும் பி.எஸ்சி.யில் ஒரு பாடம் இருக்கிறது. இந்தக் கேள்விகள் உங்களைத் தொந்தரவு செய்தால் இந்தப் படிப்பு உங்களுக்கு ஒத்துவரும். ‘61ஆ 63ஆ, ரெண்டும் ஒண்ணுதானே’ என்று தோன்றினால் தப்பொன்றும் இல்லை, ஆனால் வேறு படிப்பைப் பார்ப்பது நல்லது.

மூன்று வருடத்தில் என்ன இருக்கும்

தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் பி.எஸ்சி. மூன்று வருடம், ஆறு செமஸ்டர். சிவகங்கை, ராமநாதபுரம் மாவட்டக் கல்லூரிகள் அழகப்பா பல்கலைக்கழகத்தின் கீழ் வரும். முதலில் தமிழும் ஆங்கிலமும் கூடவே இருக்கும். துணைப் பாடமாகக் கணிதம், பெரும்பாலும் வேதியியலும். முக்கியப் பாடத்தில் இயக்கவியல், பொருள்களின் பண்புகள், வெப்பம் என்று தொடங்கி, ஒளியியல், மின்னியல், காந்தவியல் வழியாக, கடைசி வருடத்தில் அணு, அணுக்கரு, குவாண்டம் இயக்கவியல், திடநிலை இயற்பியல், எலெக்ட்ரானிக்ஸ் வரை போகும். சேர்வதற்குப் பிளஸ் டூவில் இயற்பியல் மட்டும் போதாது, பெரும்பாலான கல்லூரிகள் கணிதமும் கேட்கும்.

கேட்பதற்குக் காரணம் உண்டு. முதல் வருடத்தில் பிள்ளைகளைத் தடுக்கி விழவைப்பது இயற்பியல் இல்லை, கணக்குதான். பள்ளியில் நுண்கணிதம் கணக்கு வாத்தியாரின் சொத்து. இங்கே இயற்பியல் வகுப்பில் முதல் வாரமே கரும்பலகை முழுக்க அதுதான் இருக்கும். முக்கியமாக வகைக்கெழுச் சமன்பாடு. பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம், செட்டிநாட்டில் அது பழைய சரக்கு.

நூறு ரூபாயை ஆண்டுக்கு 12 சதவீதம், வட்டிக்கு வட்டி போட்டு விட்டால் என்ன ஆகும்? இருக்கிற தொகை எவ்வளவோ, அதற்கு ஏற்றபடி வளர்ச்சி. தொகை பெருகப் பெருக வட்டியும் பெருகும். சுமார் ஆறு வருடத்தில் இரட்டிப்பு. ‘வளரும் வேகம் இருப்பதைப் பொறுத்தது’ என்ற இந்த ஒரு வரிதான் வகைக்கெழுச் சமன்பாடு. கடை வைத்திருந்த நம்மூர்ப் பெரியவர்கள் இதை மனக்கணக்காகவே போட்டார்கள். இப்போது இதே கணக்கைத் திருப்பிப் போடுங்கள். ஒவ்வொரு வருடமும் இருப்பதில் 12 சதவீதம் கழிந்துகொண்டே போகிறது. ஐந்து வருடத்துக்குக் கொஞ்சம் மேலே போனால் பாதிதான் மிஞ்சும். இப்படியே தேய்கிற பொருள் ஒன்று நிஜத்தில் இருக்கிறது: கோபால்ட்-60 என்ற கதிரியக்க உலோகம். அதன் அரை ஆயுள், அதாவது பாதியாகத் தேய ஆகும் காலம், 5.27 வருடம். கதிரியக்கம் என்பது தலைகீழாக நடக்கும் கூட்டு வட்டி. சூடான காபி ஆறுவதும், மின்தேக்கியில் மின்னூட்டம் வடிவதும், அந்த ஊஞ்சல் மெல்ல மெல்ல ஓய்வதும் ஏறக்குறைய இதே கணக்குதான். ஒரு சமன்பாட்டைக் கற்றால் அது நாலு வீட்டுக்கு வந்து வேலை செய்யும். கணக்கைப் பார்த்து மிரளும் பிள்ளைகளிடம் நான் முதலில் சொல்வது இந்த வட்டிக் கதையைத்தான். கோபால்ட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் திரும்ப வரும்.

தமிழ் வழியில் படித்து வருகிறவர்களுக்கு இன்னொரு சங்கடம். திசைவேகம், முடுக்கம், உந்தம் என்று தெளிவாகத் தெரிந்த விஷயமே வெலாசிட்டி, ஆக்சிலரேஷன், மொமெண்டம் என்று வரும்போது புதிதாகத் தெரியும். இது முதல் செமஸ்டர் ஜுரம். ஒரு நாற்பது பக்க நோட்டில் இரண்டு பத்தி போட்டு இதையும் அதையும் எழுதிவைத்துக்கொண்டால் தீபாவளிக்குள் இறங்கிவிடும். விஷயம் புரிந்தவனுக்குப் பெயர் பெரிய பாடில்லை.

லேப்

கல்லூரி இயற்பியலில் எனக்குப் பிடித்த பரிசோதனை காற்று ஆப்பு. இரண்டு கண்ணாடித் தகட்டை ஒன்றன்மேல் ஒன்று வைத்து, ஒரு ஓரத்தில் மட்டும் ஒரு தலைமுடியைச் செருகுவார்கள். இடையில் ஆப்பு வடிவில் மெல்லிய காற்று இடைவெளி. மேலே சோடியம் விளக்கின் மஞ்சள் ஒளி விழுந்தால், மேல் தகட்டிலிருந்தும் கீழ்த் தகட்டிலிருந்தும் திரும்பும் ஒளி ஒன்றோடொன்று கூடியும் அழித்தும் கறுப்பு, மஞ்சள் கோடுகளாகத் தெரியும். நுண்ணோக்கியில் பார்த்தால் பட்டுச்சேலைக் கரை போல நேர்நேராக இருக்கும். கோடுகளின் இடைவெளியை அளந்தால் முடியின் தடிமன் வந்துவிடும். சோடியம் ஒளியின் அலைநீளம் 589.3 நானோமீட்டர், தகடுகள் ஒன்றையொன்று தொடும் ஓரத்திலிருந்து முடி 4 செ.மீ. தள்ளி இருந்து, கோட்டின் இடைவெளி 0.2 மி.மீ. என்றால், முடி 59 மைக்ரான், அதாவது ஒரு மி.மீ.யில் பதினேழில் ஒரு பங்கு. அளவுகோலே எட்டாத ஒன்றை ஒளியை வைத்து அளக்கிறோம். தகட்டில் ஒரு தூசி இருந்தாலும் கோடு வளைந்து காட்டிக்கொடுத்துவிடும். ஆத்தங்குடிக் கல் பட்டறையில் கண்ணாடி மேல்தான் கலவையை வார்ப்பார்கள். கண்ணாடி எவ்வளவு வழவழப்போ அவ்வளவு வழவழப்பு கல்லுக்கும் வரும். கண்ணாடியின் சமதளத்தை மதிக்கும் தொழில் நம் பக்கத்து ஊரிலேயே இருக்கிறது என்று மாணவர்களிடம் சொல்வேன்.

சொல்லும்போது நன்றாகத்தான் இருக்கிறது. நான் படித்த கல்லூரியில் (பெயர் வேண்டாம்) முப்பது பேருக்குச் சோடியம் விளக்கு ஒன்று, அதுவும் சூடேறி முழு மஞ்சளுக்கு வருவதற்குள் பாதி நேரம் போய்விடும். ஒரு நுண்ணோக்கிக்கு ஆறு பேர். முதல் ஆள் பார்ப்பான், மற்ற ஐந்து பேரும் எழுதுவோம். ரெக்கார்டு நோட்டு சீனியரிடமிருந்து வரும், ரீடிங்கோடு. நானே ஒருமுறை 9.8 வரவேண்டுமே என்று விடையிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு ரீடிங் எழுதியிருக்கிறேன். பத்துக்குப் பத்து மார்க். அந்தப் பரிசோதனையில் நான் கற்றது பூஜ்யம். 9.4 வந்து, ஏன் 9.4 என்று தேடியிருந்தால் ஒரு வருடப் பாடம் அதிலேயே இருந்தது என்று புரிய எனக்கு எம்.எஸ்சி. வரை ஆனது.

சரி, எங்கே போகலாம்

ஆச்சியின் கேள்விக்கு வருவோம். ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்: பி.எஸ்சி. இயற்பியல் மட்டும் முடித்துவிட்டு வெளியே வந்தால், அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடும் வேலை குறைவு. இரண்டாவதாக ஒரு அடி எடுத்து வைத்தே ஆகவேண்டும். அது மேற்படிப்பாக இருக்கலாம், ஒரு போட்டித் தேர்வாக இருக்கலாம். அந்த இரண்டாவது அடி என்ன என்று கடைசி வருடத்தில் யோசிக்கத் தொடங்குகிறவர்கள்தான் ‘பிசிக்ஸ் படிச்சும் வேலை இல்ல’ என்கிறார்கள். இரண்டாம் வருடமே யோசித்தால் போதும், வாசல்கள் நிறைய இருக்கின்றன.

நம் பக்கத்து ராமேஸ்வரத்துப் பையன் திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் 1954இல் இயற்பியல் பட்டம் வாங்கிவிட்டு, சென்னை குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் வானூர்திப் பொறியியல் சேர்ந்தார். அப்துல் கலாமின் இரண்டாவது அடி பொறியியல். சர் சி.வி. ராமன் 1907இல் சென்னை மாநிலக் கல்லூரியில் எம்.ஏ. முடித்துவிட்டுப் போனது கல்கத்தாவுக்கு, நிதித்துறை அதிகாரியாக. பகலில் அரசாங்கக் கணக்கு, காலையும் மாலையும் ஆய்வுக்கூடம் என்று பத்து வருடம் ஓட்டிய பிறகுதான் பேராசிரியர் ஆனார். 1928 பிப்ரவரி 28இல் ராமன் விளைவு, 1930இல் நோபல். சம்பளத்துக்கு ஒரு வேலை, ஆசைக்கு ஒரு வேலை என்று வைத்துக்கொள்வது ஒன்றும் தோல்வி இல்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன். அதே மாநிலக் கல்லூரியில் படித்த அவருடைய அண்ணன் மகன் சந்திரசேகர், 1930இல் இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும்போதே நட்சத்திரங்களைப் பற்றிய கணக்கைப் போட்டு, 1983இல் நோபல் வாங்கினார். எல்லோருக்கும் அது நடக்காது. முதல் இரண்டு வழிகள் சாதாரண வீட்டுப் பிள்ளைகளுக்கும் திறந்திருக்கின்றன.

நம்மூரில் அதிகம் பேர் போவது ஆசிரியர் வேலைக்கு. பி.எஸ்சி.க்குப் பின் இரண்டு வருடம் பி.எட்., தகுதித் தேர்வு, பட்டதாரி ஆசிரியர். எம்.எஸ்சி.யும் பி.எட்.டும் இருந்தால் பதினொன்று, பன்னிரண்டு எடுக்கும் முதுகலை ஆசிரியருக்கு ஆசிரியர் தேர்வு வாரியத் தேர்வு எழுதலாம். அரசுப் பணியிடம் எப்போது வரும் என்பது கொக்கு மீனுக்கு நிற்கிற கதைதான்; இடையில் தனியார் பள்ளியும் டியூஷனும் சோறு போடும். நான் அந்த ரகம்.

பொறியியல் ஆசை விடவில்லை என்றால் பி.எஸ்சி. முடித்துவிட்டு பி.இ. இரண்டாம் வருடத்தில் நேரடியாகச் சேர வழி இருக்கிறது. பிளஸ் டூவில் கணிதம் படித்திருக்க வேண்டும். இந்த நேரடிச் சேர்க்கைக்கான கலந்தாய்வைப் பல வருடம் நடத்தியதே காரைக்குடி அழகப்ப செட்டியார் அரசு பொறியியல் கல்லூரிதான். ஆனாலும் நம்மூர்ப் பிள்ளைகள் பாதிப் பேருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரிவதில்லை. விளக்கின் அடியில் இருட்டு.

ஆராய்ச்சி நீண்ட வழி. பி.எஸ்சி. மூன்று, எம்.எஸ்சி. இரண்டு, பிஎச்.டி. ஐந்து, பத்து வருடக் கணக்கு. ஐ.ஐ.டி.களில் எம்.எஸ்சி. சேர ஜாம் தேர்வு. பிறகு பிஎச்.டி.க்கு சி.எஸ்.ஐ.ஆர். (அறிவியல், தொழிலக ஆராய்ச்சிக் குழு) நடத்தும் நெட், அல்லது கேட், ஜெஸ்ட் தேர்வுகள். நெட்டில் இளநிலை ஆய்வு உதவித்தொகையோடு தேறினால் மாதம் 37,000 ரூபாய். 2023 தொடக்கத்திலிருந்து இந்தத் தொகை. படித்துக்கொண்டே சம்பாதிக்கிறாள் என்று ஆச்சியிடம் சொல்லிக்கொள்ளலாம். பிளஸ் டூ முடித்த கையோடு ஆராய்ச்சிப் பக்கம் போக நினைப்பவர்களுக்கு ஐந்து வருடப் படிப்புகள் உண்டு: திருப்பதி, திருவனந்தபுரம் உட்பட பல ஊர்களில் இருக்கும் ஐசர் (இந்திய அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனம்), புவனேஸ்வரில் நைசர் (தேசிய அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனம்). இவற்றுக்குத் தனி நுழைவுத் தேர்வு. ரிசல்ட் வரட்டும், பார்க்கலாம் என்று உட்கார்ந்திருந்தால் விண்ணப்பத் தேதி போய்விடும்.

ஆராய்ச்சி என்றாலே வெளிநாடு என்று நினைக்க வேண்டாம். காரைக்குடியிலேயே சிக்ரி இருக்கிறது, மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம். வள்ளல் அழகப்ப செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948 ஜூலை 25இல் நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14, பொங்கலன்று திறந்தார்கள். லித்தியம் பேட்டரி, துருப்பிடித்தல், முலாம் பூசுதல் எல்லாம் அங்கே நடக்கும் வேலை. பெயரில் வேதியியல் இருந்தாலும், பேட்டரிக்குள் அயனி எப்படி நகர்கிறது, மின்முனைப் பொருளின் படிக அமைப்பு என்ன என்பதெல்லாம் திடநிலை இயற்பியல்தான், இயற்பியல் எம்.எஸ்சி. முடித்தவர்களும் அங்கே பிஎச்.டி. செய்கிறார்கள். ஆண்டுதோறும் செப்டம்பர் 26, சி.எஸ்.ஐ.ஆர். நிறுவன நாளையொட்டிப் பள்ளிப் பிள்ளைகளை உள்ளே விட்டுச் சுற்றிக் காட்டுவதுண்டு. ஒருமுறை போய் வாருங்கள். தமிழ்நாட்டுக்குள்ளேயே இன்னும் இருக்கின்றன: கொடைக்கானலில் சூரிய ஆய்வுக்கூடம், காவலூரில் 2.3 மீட்டர் தொலைநோக்கி, ஊட்டியில் 530 மீட்டர் நீள ரேடியோ தொலைநோக்கி, கல்பாக்கத்தில் அணு ஆராய்ச்சி மையம், சென்னை தரமணியில் கணித அறிவியல் நிறுவனம்.

யாரும் சொல்லாத ஒரு வழி மருத்துவ இயற்பியல். இப்போது அந்தக் கோபால்ட்டுக்கு வருகிறேன். புற்றுநோய்க்குக் கதிர் சிகிச்சை தரும் இயந்திரங்களில் ஒரு வகையில் கோபால்ட்-60 வைத்திருப்பார்கள். அது வருடம் 12 சதவீதம் தேய்கிறது என்றோமே? இரண்டு வருடம் கழித்து அதன் வீரியம் 77 சதவீதம். அன்றைக்கு 2 நிமிடம் கொடுத்த அதே அளவு கதிரை இன்றைக்குக் கொடுக்க 2.6 நிமிடம் வேண்டும். குறைத்துக் கொடுத்தால் கட்டி போகாது, கூட்டிக் கொடுத்தால் நல்ல சதை வெந்துவிடும். எத்தனை நிமிடம், எந்தக் கோணம், பக்கத்தில் இருக்கும் உறுப்புக்கு எவ்வளவு போகிறது என்று கணக்குப் போட்டுக் கையெழுத்துப் போடுகிறவர் மருத்துவ இயற்பியலாளர். இப்போது பரவலாக வந்துவிட்ட நேர்கோட்டு முடுக்கி இயந்திரங்களில் தேய்வதற்குக் கதிரியக்கப் பொருளே கிடையாது, ஆனால் வெளிவரும் கதிரைத் தவறாமல் அளந்து சரிபார்க்கும் வேலை அப்படியே இருக்கிறது. ஊஞ்சலில் 0.2 நொடியை விரட்டிய அதே பழக்கம்தான், இங்கே மறுமுனையில் ஒரு நோயாளி படுத்திருக்கிறார். இதற்கு எம்.எஸ்சி. மருத்துவ இயற்பியல் படிக்கலாம். அண்ணா பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. அல்லது எம்.எஸ்சி. இயற்பியல் முடித்துக் கதிரியல் இயற்பியல் பட்டயம். மும்பை பாபா அணு ஆராய்ச்சி மையம் நடத்துகிறது. அதோடு மருத்துவமனைப் பயிற்சியும், கதிர் பாதுகாப்பு அலுவலர் தகுதியும் வேண்டும். வெள்ளைக் கோட்டுப் போட்டு ஆஸ்பத்திரியில் வேலை, டாக்டர் இல்லை. ஆச்சிக்கு இதை விளக்கியபோதுதான் முதல் தடவையாகத் தலையை ஆட்டினார்கள்.

பி.எஸ்சி.யோடு நேராகத் தேர்வு எழுதிப் போகும் வேலைகளும் சில உண்டு. விமான நிலையங்களில் வான் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர் வேலைக்கு இயற்பியலும் கணிதமும் படித்த பி.எஸ்சி. பட்டதாரிகள் விண்ணப்பிக்கலாம், ஆங்கிலம் தெளிவாகப் பேச வேண்டும், வயது வரம்பு உண்டு. வானிலைத் துறையின் அறிவியல் உதவியாளர் வேலைக்கு இயற்பியல் ஒரு பாடமாக இருக்க வேண்டும். கூடங்குளம், கல்பாக்கம் போன்ற இடங்களில் பி.எஸ்சி. படித்தவர்களைச் சம்பளத்தோடு பயிற்சி கொடுத்து எடுக்கிறார்கள். எம்.எஸ்சி. முடித்தால் காப்புரிமை அலுவலகத்தில் ஆய்வாளராகக்கூடப் போகலாம்: ஒருவர் புதிதாகக் கண்டுபிடித்தேன் என்று கொண்டுவருவது நிஜமாகவே புதிதுதானா என்று பார்க்கும் வேலை.

எம்.சி.ஏ. படித்துக் கணினிப் பக்கம் போவதும், வங்கித் தேர்வு எழுதுவதும் எல்லாப் பட்டத்துக்கும் பொது. இந்தியன் ஓவர்சீஸ் வங்கி 1937இல் தொடங்கியபோது சென்னை, ரங்கூனோடு சேர்த்து ஒரே நாளில் திறந்த ஊர் காரைக்குடி. பேங்க் வேலையைப் பற்றி நான் இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மூன்றாவது வருடம் முடிந்த மறுமாதமே வீட்டுக்குச் சம்பளம் வந்தாக வேண்டும் என்ற நிலை இருந்தால், இந்தப் படிப்பை நான் வற்புறுத்த மாட்டேன். டிப்ளமோ, நர்சிங், ஐ.டி.ஐ. எல்லாம் அதைச் சீக்கிரம் செய்யும். ஆசை இருந்தும் கஷ்டம் என்றால் பி.எஸ்சி. சேர்ந்துகொண்டு, முதல் வருடத்திலிருந்தே மேலே சொன்ன தேர்வுகளில் ஒன்றைக் குறிவைத்துப் படிக்க வேண்டும். ‘சும்மா ஒரு டிகிரி’ என்று வாங்குவதற்கு இயற்பியல் ரொம்பக் கஷ்டமான டிகிரி.

அந்தப் பெண் கடைசியில் பி.எஸ்சி.க்கே விண்ணப்பம் போட்டாள். எந்தக் கல்லூரி என்று கேட்டபோது நான் பெயர் எதுவும் சொல்லவில்லை, லேபைப் பார்த்துவிட்டு வா என்றேன். நீங்களும் அப்படியே செய்யலாம். கல்லூரி வாசலில் பேனரையும் தேர்ச்சி சதவீதத்தையும் பார்த்துவிட்டுத் திரும்பாமல், இயற்பியல் லேபைக் காட்டச் சொல்லுங்கள். மூன்றாம் வருடம் படிக்கும் யாரையாவது ஓரமாகக் கூப்பிட்டு, ஒரு நுண்ணோக்கிக்கு எத்தனை பேர், சோடியம் விளக்கு எரிகிறதா, ரீடிங் தப்பாக வந்தால் சார் திட்டுவாரா, இல்லை ஏன் என்று கேட்பாரா என்று விசாரியுங்கள். ஒளியியல் பரிசோதனை செய்யும் இருட்டறை பூட்டியிருந்தால், சாவி யாரிடம் இருக்கிறது, கடைசியாக எப்போது திறந்தார்கள் என்றும் கேட்டுவிடுங்கள்.